கேம் ஓடும்போது திரை கருத்துவிடுகிறது, கார்டு விசிறி மட்டும் அலறுகிறது

கேள்வி – நீலத்திரை

வணக்கம். கேம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் மானிட்டர் 'நோ சிக்னல்' காட்டிக் கருத்துவிடுகிறது. அதே நொடியில் கிராபிக்ஸ் கார்டின் விசிறி முழு வேகத்தில் இரைகிறது. ஸ்பீக்கரில் கேம் சத்தம் மட்டும் தொடர்ந்து கேட்கிறது. பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்தால்தான் வழி. பிரவுசிங், வீடியோவில் எந்தத் தொல்லையும் இல்லை.

கார்டு 160 வாட், 8 பின் பவர் ஒன்று. ப்ராசசர் 65 வாட் வகை, உள் கிராபிக்ஸ் கிடையாது. எஸ்எம்பிஎஸ் (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி) 450 வாட், பழையது. அதில் 8 பின் இல்லை. இரண்டு மோலெக்ஸை (பழைய வகை 4 பின் பவர் முனை) சேர்த்து 8 பின் ஆக்கும் கன்வர்ட்டர் போட்டிருக்கிறது. யுபிஎஸ் 600 விஏ. டிடியு (டிரைவரை அடியோடு நீக்கும் மென்பொருள்) வைத்து டிரைவரைத் துடைத்துப் புதிதாகப் போட்டாயிற்று. டிஸ்ப்ளேபோர்ட் கேபிளும் மாற்றியாயிற்று. கார்டு போய்விட்டதா?

பதில் – மல்டிமீட்டர்

கார்டு மேல் பழி போடும் முன் அந்தக் கன்வர்ட்டரைப் பாருங்கள்.

நீங்கள் சொன்ன அறிகுறியே பாதி விடை. டிரைவர் தொங்கினால் விண்டோஸ் 2 நொடி பொறுத்துப் பார்த்துவிட்டு அதை மறுபடி எழுப்பும். திரை ஒரு கணம் இருண்டு திரும்பி வரும், விண்டோஸின் பதிவேடான ஈவென்ட் வியூவரில் 4101 என்ற எண்ணில் பதிவும் இருக்கும். எஸ்எம்பிஎஸ் தன்னைக் காத்துக்கொள்ள அணைந்தால் கணினி மொத்தமும் போய்விடும். உங்களுக்கு நடப்பது இரண்டும் இல்லை. கணினி உயிரோடு இருக்கிறது, கார்டு மட்டும் விழுகிறது. விசிறியைக் கட்டுப்படுத்த ஆள் இல்லாததால் அது முழு வேகத்துக்குப் போகிறது. பெரும்பாலும் கார்டுக்கு வரும் 12 வோல்ட் ஒரு கணம் சரியும்போதுதான் இப்படி ஆகும்.

8 பின் இணைப்பில் 12 வோல்ட் கம்பி மூன்று உண்டு. அதன் வரம்பு 150 வாட், அதாவது 12.5 ஆம்பியர்; ஒரு கம்பிக்கு நாலு ஆம்பியர் சொச்சம். மோலெக்ஸில் 12 வோல்ட் பின் ஒன்றே ஒன்று. இரண்டு மோலெக்ஸும் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து வரும் ஒரே கேபிளில் அடுத்தடுத்து இருந்தால், மொத்தச் சுமையும் ஒரே மஞ்சள் கம்பி வழியாகத்தான் வரும். 18 கேஜ் கம்பி 60 சென்டிமீட்டர் என்றால் போக வர 0.2 முதல் 0.3 வோல்ட் வரை கேபிளிலேயே தொலையும். தளர்ந்த பின் எடுத்துக்கொள்வது தனி.

காசு செலவழிக்காமல் சோதிக்க: ஆஃப்டர்பர்னர் மென்பொருளில் பவர் லிமிட்டை (கார்டு இழுக்கும் மின்சாரத்தின் உச்ச வரம்பு) 65 முதல் 70 சதவீதத்துக்கு இறக்குங்கள். சில கார்டு அவ்வளவு இறங்க விடாது. எவ்வளவு இறங்குமோ அவ்வளவு. அதே கேமை முக்கால் மணி நேரம் ஓட்டுங்கள். விழவில்லை என்றால் சந்தேகம் மின்சாரப் பக்கம் திரும்புகிறது. கூடவே கன்வர்ட்டரின் 8 பின் முனையில் பின்பக்கமாக மல்டிமீட்டர் முள்ளை மஞ்சளிலும் கருப்பிலும் வைத்து அளவெடுங்கள். 11.4 வோல்ட்டுக்குக் கீழே போகக் கூடாது. முள் வழுக்கி இரண்டையும் ஒன்றாகத் தொட்டால் ஷார்ட் ஆகிவிடும், நிதானமாக.

பதில் – ஹீட்சிங்க்

மேலே சொன்னது சரி. ஆனால் சூட்டையும் ஒதுக்கிவிட்டு முடிவு கட்டுங்கள். பவர் லிமிட்டைக் குறைத்தால் சூடும் குறையும், அதனால் அந்த ஒரு சோதனை மட்டும் போதாது. வெப்பநிலை காட்டும் ஹெச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளில் லாகிங் (ஃபைலில் பதிவு) போட்டுவிட்டுக் கேமை ஓட்டுங்கள். திரை போன பிறகு ஃபைலின் கடைசி வரிகளைப் பாருங்கள். ஹாட் ஸ்பாட் (சிப்பில் மிகச் சூடான இடம்), சாதாரண ஜிபியு வெப்பநிலையைவிட 30 டிகிரிக்கு மேல் எகிறி நின்றால் சிப்புக்கும் ஹீட்சிங்க்குக்கும் நடுவே உள்ள பேஸ்ட் போயிருக்கிறது என்று கொள்ளலாம்.

கார்டைக் கழற்றினால் தங்க முனைகளை ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் துடையுங்கள். பென்சில் ரப்பரால் தேய்க்கச் சொல்லும் கடைக்காரர்கள் நிறைய உண்டு. அது பூச்சைத் தேய்க்கும், துகளை ஸ்லாட்டில் விடும். வேண்டாம்.

பதில் – இன்வெர்ட்டர்

யுபிஎஸ் பற்றி யாரும் பேசவில்லையே. 600 விஏ என்பது 600 வாட் அல்ல, இந்த வகையில் பெரும்பாலும் 360 வாட்தான். இப்போதைய பழுதுக்கு அது காரணம் இல்லை. யுபிஎஸ் தாங்காவிட்டால் கணினியே அணையும். ஆனால் கரண்ட் போகும் நேரத்தில் கேம் ஓடினால் அடுத்த கேள்வி அதைப் பற்றித்தான் வரும். சோதனை முடியும்வரை கேபினெட்டை நேராகச் சுவர் பிளக்கில் போடுங்கள்.

நீலத்திரை

சுவர் பிளக்கிலும் அதே நிலைதான். இரண்டு மோலெக்ஸும் ஒரே கேபிளில்தான் இருக்கின்றன. சும்மா இருக்கும்போது 12.0 வோல்ட், கேமில் 11.3 வரை இறங்குகிறது. ஹாட் ஸ்பாட் 84, ஜிபியு 71. பவர் லிமிட் 65 சதவீதத்தில் விழவே இல்லை. ஒரு மோலெக்ஸ் முனை லேசாகப் பழுப்பேறியிருக்கிறது. சாட்டாவிலிருந்து (ஹார்ட் டிஸ்குக்குப் போகும் பவர் முனை) 8 பின் எடுக்கும் கன்வர்ட்டர் ஒன்று விற்கிறார்கள், அது உதவுமா?

பதில் – மல்டிமீட்டர்

தொடவே தொடாதீர்கள் ப்ரோ. சாட்டா இணைப்பின் 12 வோல்ட் வரம்பே 4.5 ஆம்பியர், 54 வாட். பழுப்போடு நிற்காது, உருகிவிடும். இப்போதுள்ள கன்வர்ட்டரையும் இனிப் போடாதீர்கள், பழுப்பேறிய முனை மேலும் மேலும் சூடாகும். வோல்ட் 11.4-க்குக் கீழே போகிறது, சூட்டில் குறை தெரியவில்லை, அதனால் எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றுங்கள்.

உங்கள் கணக்கு: கார்டு 160, ப்ராசசர் உச்சத்தில் 90, மற்றவை 50. ஆக 300 வாட். கார்டு சில மில்லிநொடிகளுக்கு இதைவிட நிறையவே இழுக்கும், அதனால் 550 வாட் எடுங்கள். அட்டைப் பெட்டியில் எழுதிய எண்ணை நம்பாமல் ஸ்டிக்கரில் 12 வோல்ட் கட்டத்தைப் படியுங்கள்: 40 ஆம்பியருக்கு மேல் இருக்க வேண்டும். 25 ஆம்பியர் என்றால் அது 300 வாட்தான், மேலே என்ன எழுதியிருந்தாலும். கன்வர்ட்டர் இல்லாமல் 6+2 பின் நேராக வர வேண்டும். ப்ராசசருக்குப் போகும் 4+4 பின்னும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும், ஆனால் மஞ்சளும் கருப்பும் இடம் மாறியிருக்கும். அதைக் கார்டில் திணிக்காதீர்கள்.

மாடுலர் (கேபிளைக் கழற்றி மாட்டும் வகை) வாங்கினால் அதோடு வந்த கேபிள் மட்டும். எஸ்எம்பிஎஸ் பக்க முனைக்குப் பொதுத் தரம் இல்லை, வேறு கம்பெனிக் கேபிள் செருகினால் கார்டோ ஹார்ட் டிஸ்கோ எரியலாம்.

மாட்டியதும் பவர் லிமிட்டைத் திரும்ப 100 ஆக்கி ஓட்டுங்கள். அப்போதும் விழுந்தால் மெம்டெஸ்ட் வல்கனில் கார்டின் மெமரியைச் சோதித்து, வரும் எர்ரரை இங்கே போடுங்கள்.