ஏரியோகார்ப்பஸ்: ஒட்டுக் கட்டிப் பூக்க வைக்கலாமா, சொந்த வேரிலேயே விடலாமா?

மொட்டைமாடிக் கள்ளி (சென்னை):
விதை போட்டு முளைத்த ஏரியோகார்ப்பஸ் கள்ளி நாற்றுகள் ஒரு தட்டு நிறைய இருக்கின்றன. ஓராண்டு கடந்தும் ஒவ்வொன்றும் மிளகு அளவைத் தாண்டவில்லை. சொந்த வேரில் விட்டால் முதல் பூவுக்கு ஏழெட்டு ஆண்டுகள், சில நேரம் அதற்கு மேலும் ஆகும் என்கிறார்கள். பெரெஸ்கியாப்சிஸ் என்ற மெல்லிய தண்டுக் கள்ளியின் மேல் ஒட்டுக் கட்டினால் இரண்டு மூன்று ஆண்டுகளில் பூத்துவிடுமாம். கட்டலாமா, வேண்டாமா?

வேரடிமண்:
வேண்டாம். ஏரியோகார்ப்பஸின் பாதி உடல் மண்ணுக்குக் கீழே இருக்கிறது. வட மெக்சிகோவின் சிவாவா பாலைவனத்தில் அதைக் காப்பாற்றுவதே அந்தக் கிழங்கு வேர்தான். மழை பெய்யும்போது நீரைச் சேர்த்துக்கொள்ளும். வறட்சியில் சுருங்கிச் செடியைத் தரைமட்டத்துக்கு இழுத்துக்கொள்ளும். மேலே தெரியும் முக்கோண மடல்கள் சுற்றியுள்ள கல்லோடு கல்லாகக் கிடக்கும். நீங்கள் பிளேடை வைத்த நொடியில் அந்த வேர் போய்விட்டது. பிறகு மெல்லிய தண்டின் உச்சியில், மடல்கள் உப்பி, பச்சையாக ஒரு உருண்டை நிற்கும். பூக்கும், மறுக்கவில்லை. எந்தச் செடி பூக்கிறது என்பதுதான் என் கேள்வி.

பச்சைத்தண்டு (கோவை):
வேரடிமண் அவர்களே, அழகைப் பற்றி நீங்கள் சொல்வது சரி. நான் ஒட்டுக் கட்டுவது விதைக்காக. ஏரியோகார்ப்பஸ் பொதுவாகத் தன் மகரந்தத்தால் தானே காய்க்காது. வெவ்வேறு விதையிலிருந்து வந்த இரண்டு செடிகள் ஒரே வாரத்தில் பூக்க வேண்டும். சொந்த வேரில் பத்தாண்டு காத்திருந்து, அழுகலுக்கும் மாவுப்பூச்சிக்கும் தப்பியவற்றில் இரண்டு ஒன்றாகப் பூப்பது எத்தனை பேர் வீட்டில் நடக்கிறது? நாலைந்தை ஒட்டுக் கட்டினால் சில ஆண்டுகளில் காய் கிடைக்கிறது. அந்த விதையில் முளைப்பவற்றை உங்கள் விருப்பப்படி சொந்த வேரிலேயே வளர்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. இந்தப் பேரினம் முழுவதும், அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் இருக்கிறது. காட்டிலிருந்து எடுத்த செடியை வணிகத்துக்காக நாடு கடத்தவே கூடாது. வளர்ப்பவர்கள் வீட்டிலேயே விதை பெருகினால் காட்டின் மேல் உள்ள கண் குறையும்.

வேரடிமண்:
குறையாது. கோப்பியபோவைப் பாருங்கள். சிலியின் அட்டகாமா கடற்கரையில் பனிமூட்டத்தைக் குடித்து வளரும் கள்ளிப் பேரினம். விதை தாராளமாகக் கிடைக்கிறது, ஒட்டுக் கட்டிய செடிகளும் கிடைக்கின்றன. ஆனாலும் 2020இல் இத்தாலியில் ஒரே சோதனையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிலி நாட்டுக் கள்ளிகள் பிடிபட்டன, பெரும்பாலும் கோப்பியபோ. எண்ணூறுக்கும் மேற்பட்டவை மறு ஆண்டு சிலிக்குத் திருப்பி அனுப்பப்பட்டன. ஏன் திருடினார்கள்? வெயிலில் காய்ந்து சாம்பல் வெண்மை பூத்த பழைய உடல் வேண்டும் என்பவர்கள் இருக்கிறார்கள். ஒட்டில் கொழுத்த பச்சைச் செடி அவர்கள் ஆசையைத் தணிக்காது.

பச்சைத்தண்டு:
அந்தத் திருட்டைச் செய்பவர்களுக்காக நான் வாதாடவில்லை. முதிர்ந்த உடலுக்கு ஏங்குபவர் ஒரு ரகம். பூவைப் பார்க்க வேண்டும், விதை போட வேண்டும் என்று வருபவர் வேறு ரகம், அவர்கள்தான் அதிகம். அவர்கள் கையில் நியாயமான விலையில் நாற்று கிடைக்க வேண்டும் என்பதற்காகத்தான் இத்தனையும்.

தோட்டக்காரம்மா (திண்டுக்கல்):
தம்பிகள் இருவரும் மெக்சிகோவையும் சிலியையும் சுற்றி வந்துவிட்டீர்கள். கேட்டவர் சென்னையில் இருக்கிறார். ஏரியோகார்ப்பஸ் இலையுதிர் காலத்தில் பூக்கும் செடி. அதாவது நமக்கு ஐப்பசி, கார்த்திகை. நடுவில் இருக்கும் கம்பளிப் பஞ்சிலிருந்து மொட்டு தலையை நீட்டும் நேரத்தில் அடைமழை. நல்ல வெயில் இல்லாவிட்டால் பூ விரியாது. ஈரம் தங்கினால் பஞ்சோடு மொட்டும் அழுகும். ஒட்டோ சொந்த வேரோ, மேலே கூரை இல்லாமல் இரண்டுமே வீண். முதலில் பாலிகார்பனேட் ஷீட்டுக்கு ஏற்பாடு செய்யுங்கள்.

ஒட்டு என்றாலே சீக்கிரம் சாகும் என்ற எண்ணம் நம் ஊரில் சிவப்பு உருண்டைக் கள்ளியால் வந்தது. அதற்குப் பச்சையமே கிடையாது. தானாக உணவு தயாரிக்க முடியாமல் டிராகன் பழக் கொடியின் துண்டு மேல் உட்கார்ந்திருக்கிறது. அடித்தண்டு சோர்ந்தால் அதுவும் முடிந்தது. பச்சையம் உள்ள ஏரியோகார்ப்பஸை அதோடு ஒப்பிடக்கூடாது. டிராகன் கொடி குளிரில்தான் நொடிந்துபோகும். நம் சமவெளி வெயில் அதற்கு ஒத்துவரும். ஒட்டைத் தாங்கும் வேர்ச்செடிக்கு இங்கே அலைய வேண்டியதில்லை.

மொட்டைமாடிக் கள்ளி:
நன்றி அம்மா. கூரைக்குச் சொல்லிவிடுகிறேன். பச்சைத்தண்டு அண்ணா, மிளகு அளவுள்ள நாற்றை எப்படிக் கட்டுவது? ரப்பர் பேண்ட் போட்டால் நசுங்கிவிடாதா?

பச்சைத்தண்டு:
ரப்பர் பேண்ட் வேண்டாம். புதிய சவர பிளேடை ஸ்பிரிட்டில் துடைத்துக்கொள்ளுங்கள். பெரெஸ்கியாப்சிஸின் இளந்தளிர்ப் பகுதியை நேராக வெட்டி, அதன் மேலேயே காகிதத் தடிமனில் இன்னொரு சீவல் எடுத்து, அந்தச் சீவலை அப்படியே விட்டுவிடுங்கள், வெட்டுவாய் காயாது. பிறகு நாற்றின் அடியை வெட்டுங்கள். சீவலைத் தள்ளிவிட்டு நாற்றை வையுங்கள்.

இரண்டு வெட்டுவாயிலும் நடுவே ஒரு வளையம் தெரியும், சாறு ஓடும் குழாய்கள் அங்கேதான். நாற்றின் வளையம் சிறியது. மிகச் சரியாக நடுவில் வைத்தால் பெரிய வளையத்துக்குள் தொடாமல் நின்றுவிடும். சற்று ஓரமாக நகர்த்தி, ஒன்றையொன்று வெட்டும்படி வையுங்கள். ஈரப் பசையே பிடித்துக்கொள்ளும். மேலே ஒரு டம்ளரைக் கவிழ்த்துச் சில நாள் நிழலில் வையுங்கள்.

வேரடிமண்:
முறை சரி. பின்விளைவையும் சொல்லுங்கள். அந்த வேர்ச்செடி உரமும் நீரும் கேட்கும். கொடுத்தால் மேலே உள்ளது உப்பி வெடிக்கும். எடை கூடினால் மெல்லிய தண்டு சாயும். வேறு தடித்த தண்டுக்கு மாற்ற வேண்டும், அல்லது இறக்கி வேர்விட வைக்க வேண்டும். இறக்கினால் நார்வேர்தான் கிளம்பும், பழைய கிழங்கு எளிதில் வராது. அப்படி இறக்கியதை மண்ணில் வைத்து "சொந்த வேர்ச் செடி" என்று விற்கிறார்கள், விலையும் அதற்கேற்ப. வாங்கியவர் கிழங்கு இருக்கிறது என்று நம்பி மாதக்கணக்கில் நீரை நிறுத்துகிறார்; செடி காய்ந்துவிடுகிறது.

தோட்டக்காரம்மா:
இது உண்மை. விற்கும்போது "ஒட்டிலிருந்து இறக்கியது" என்று சீட்டில் எழுதியே தீர வேண்டும். மொட்டைமாடி, தட்டில் வெளிறியதும் நலிந்ததும் எப்படியும் பிழைக்காது. அவற்றை முதலில் கட்டுங்கள். திடமானவற்றை ஆழமான தொட்டியில் சிறு ஜல்லியும் செங்கல் துண்டும் கலந்து விட்டுவிடுங்கள்.

பச்சைத்தண்டு:
அம்மா சொன்னதில் ஒரு திருத்தம். விதைக்காக என்றால் நலிந்ததை மட்டும் கட்டக்கூடாது. திடமானதில் சிலவும் வேண்டும். நலிந்ததன் விதையைப் பெருக்கி என்ன பயன்?

வேரடிமண்:
திடமானதை வெட்ட நான் ஒப்ப மாட்டேன். ஆனால் உங்கள் ஒட்டில் காய் பிடித்தால் விதையை எனக்கு அனுப்புங்கள், எந்தச் செடிக்கு எதன் மகரந்தம் என்று எழுதி. நான் மண்ணில் விதைத்துக்கொள்கிறேன்.