ஈஸ்ட்டும் காட்மியமும்: மின்வேதி அளவீட்டில் ஓர் ஐயம்

கேள்வி:
காட்மியம் கலந்த ஊடகத்தில் ஈஸ்ட்டை வளர்த்து, செல்களை நீக்கிய தெளிநீரை அனோடிக் ஸ்ட்ரிப்பிங் வோல்டாமெட்ரி (உலோகத்தை மின்வாயில் படியவைத்து, மீண்டும் கரைக்கும்போது எழும் மின்னோட்டத்தை அளப்பது) முறையில் அளக்கிறேன். வெள்ளி–வெள்ளி குளோரைடு மின்வாயுடன் ஒப்பிட ஏறத்தாழ −0.6 வோல்ட்டில் எழும் காட்மிய முகடு (கரைசலிலுள்ள காட்மியத்தின் அளவைக் காட்டும் மின்னோட்ட உச்சம்), ஒரு மணி நேரத்திலேயே பாதியாகச் சுருங்கிவிடுகிறது. குறைந்த உலோகம் முழுவதும் செல்லுக்குள் சென்றுவிட்டது என்று கொள்ளலாமா?

மறுமொழி 1:
கொள்ள முடியாது. செல்சுவரிலுள்ள கார்பாக்சில், பாஸ்பேட் தொகுதிகள் உலோக அயனிகளைச் சில நிமிடங்களிலேயே பற்றிக்கொள்ளும். இதற்கு உயிருள்ள செல்கூடத் தேவையில்லை. சுவரில் ஒட்டிய உலோகத்தைப் பிணைத்தெடுக்கும் ஈடிடிஏ கரைசலில் செல்களைக் கழுவி, அந்தக் கழுவுநீரையும், பிறகு அமிலத்தில் செரித்த செல்களையும் தனித்தனியே அளந்து பாருங்கள். ஊடகத்திலுள்ள பெப்டோன் (செரித்த புரதக் கலவை) காட்மியத்தைப் பிணைத்தாலும் முகடு தாழும் என்பதால், செல் சேர்க்காத ஊடகம் ஒன்றையும் ஒப்பீட்டுக்கு வைத்தாக வேண்டும்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. உலோகங்களைப் பிணைத்துச் செல்லைக் காக்கும் மெட்டலோதயோனின் என்னும் புரதத்தையும் இதே கருவியில் அளக்க இயலுமா?

மறுமொழி 2:
இயலும். செல்சாற்றைச் சூடாக்கினால் பெரும்பாலான புரதங்கள் திரிந்து படிந்துவிட, வெப்பம் தாங்கும் மெட்டலோதயோனின் கரைசலிலேயே நிற்கும். கோபால்ட் சேர்த்த அம்மோனியா தாங்கல் கரைசலில், பாதரசத் துளி மின்வாயில் அதை அளக்கும்போது, அதிலுள்ள சிஸ்டீன் என்னும் அமினோ அமிலத்தின் தயால் (கந்தக–ஹைட்ரஜன்) தொகுதிகள் ஹைட்ரஜன் வெளியேற்றத்தை ஊக்குவித்து முகடுகளைத் தரும். 1930களில் செக் வேதியியலாளர் பிர்டிச்கா கண்ட வினை இது. ஆனால் பேக்கரி ஈஸ்ட்டின் மெட்டலோதயோனினான கப்1 புரதம் முதன்மையாகச் செம்புக்கு எதிரான காவல். காட்மியத்தைப் பெரிதும் குளுட்டாதயோன் என்னும் சிறு பெப்டைடே பிணைக்க, ஒய்சிஎஃப்1 என்னும் கடத்தி அந்த இணைப்பை வாக்குவோல் என்னும் செல்லின் சேமிப்பறைக்குள் தள்ளுகிறது. குளுட்டாதயோனிலும் தயால் உண்டு. எனவே முகட்டைக் கண்டவுடனே மெட்டலோதயோனின் என்று குறித்துவிட வேண்டாம்.