ஹல் ப்ளூபிரிண்டிங்: ‘அடிச்செப்பம்’ சரியா வருமா?

அன்பு நண்பர்களே, வணக்கம்.

பழைய ஸ்பீட் போட்டோட அடிப்பக்கத்தை வேகத்துக்காகத் திருத்துற வேலைக்கு இங்கிலீஷ்ல ஹல் ப்ளூபிரிண்டிங்னு பேரு (ஹல்னா போட்டோட வெளிக்கூடு). அதுக்குத் தமிழ்ல நம்ம குழுவுல இதுவரைக்கும் மூணு சொல் வந்திருக்கு: வரைபடமாக்கம், அடிச்சமன், அடித்தேய்ப்பு. மூணுலயும் எனக்கு உடன்பாடு இல்லை. என் பரிந்துரை ‘அடிச்செப்பம்’. கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுத்துக்கங்க, ஏன்னா வேலை என்னன்னு முழுசா பாக்காம சொல் வச்சுட்டா அப்புறம் அதை யாராலயும் மாத்த முடியாது, பாடப்புத்தகத்துல அப்படி ஒட்டிக்கிட்ட சொல் எத்தனையோ இருக்கு.

> ப்ளூபிரிண்ட்னா வரைபடம்தானே, வரைபடமாக்கம்னு வச்சா என்ன தப்பு?

அங்க யாரும் படம் வரையறதில்லைங்க. இந்தப் பேரு ரேஸ் எஞ்சின் மெக்கானிக்குங்க கிட்டேருந்து வந்தது. ஃபேக்டரியில வர்ற பிஸ்டன், கனெக்டிங் ராடு எல்லாம் டிசைனர் எழுதின அளவுலேருந்து ஒரு மயிரிழை கூடவோ குறையவோ இருக்கும், தெருவுல ஓடுற வண்டிக்கு அது போதும், ரேஸுக்குப் போதாது, அதனால பிரிச்சு எடுத்து ஒவ்வொண்ணையும் படத்துல எழுதின அளவுக்கே கொண்டு வருவாங்க. போட்டுலயும் அதுதான் நடக்குது. கண்ணாடியிழைத் துணியும் ரெசினும் அச்சுக்குள்ள அடுக்கடுக்கா போட்டு ஹல்லை எடுக்குறாங்க. கூரான மூலையில அந்தத் துணி மடங்கி உக்காராது, காத்துக் குமிழி நின்னுடும், அச்சுலேருந்து கழட்டும்போது விளிம்பும் பேந்துடும், அதனால எல்லா விளிம்பையும் கொஞ்சம் உருட்டித்தான் வைப்பாங்க. ரெசின் நல்லா இறுகுறதுக்கு முன்னாடியே அவசரமா அச்சுலேருந்து எடுத்துட்டா ஹல் கோணிக்கும். இதுக்கெல்லாம் மேல டிரெய்லர். அதோட தாங்குகட்டை பின்பலகை (எஞ்சினை மாட்டுற, போட்டோட பின்பக்கச் சுவர்) வரைக்கும் நீளாம முன்னாடியே முடிஞ்சுட்டா எஞ்சின் வெயிட்டு மொத்தமும் அந்தரத்துல தொங்கி, வருஷக்கணக்குல நின்னதுல அடியோட பின்முனை கீழ்நோக்கி வளைஞ்சுடும். 1960, 70கள்ல அமெரிக்காவுல செஞ்ச போட்டு ஒண்ணை இன்னைக்கு வாங்குறவருக்குக் கையில வர்றது இந்த மூணும் கலந்த ஹல்தான்.

அதை எப்படிக் கண்டுபிடிக்கிறாங்கன்னு பாருங்க, சொல்லுக்கு இதுதான் முக்கியம். போட்டை டிரெய்லரை விட்டுத் தூக்கி நிறுத்தி, கீழ படுத்துக்கிட்டு, ஒரு 6 அடி அலுமினிய மட்டப்பலகையைப் பின்பலகை விளிம்புலேருந்து முன்பக்கமா, ஏராவுக்கு (அடியில நடுவால நீளவாக்குல ஓடுற முதுகெலும்பு) இணையா, அடியில அழுத்திப் பிடிக்கணும். அந்தப் பக்கத்துலேருந்து ஒருத்தர் லைட் அடிக்கணும். ரெண்டு முனையும் தொட்டுக்கிட்டு நடுவுல வெளிச்சம் கசிஞ்சா அது ஹுக். நடுவுல தொட்டு ரெண்டு முனையும் மாறி மாறி ஆடுச்சுன்னா அது ராக்கர். நம்ம ஆசாரிங்க சொல்ற அரைக்கால் இன்ச், அதாவது 3 மில்லிமீட்டர் சொச்சம், அவ்வளவு இடைவெளி இருந்தாலே வேகத்துல தெரிஞ்சுடும்.

காரணம் சுலபமானதுதான். ஃபுல் ஸ்பீடுல போட்டு தண்ணிக்கு மேல ஏறி ஓடும்போது தண்ணியைத் தொட்டுக்கிட்டு இருக்குறது பின்பக்கம் கடைசி சில அடி மட்டும்தான். அந்த இடத்துல ஹுக் இருந்தா, எப்பவும் கீழ இறக்கி வச்ச டிரிம் டேப் (பின்பக்கத்தைத் தூக்க பின்பலகையில மாட்டுற சாய்தகடு) மாதிரி அது வேலை செய்யும், பின்பக்கத்தைத் தூக்கும், அணியத்தை, அதாவது போட்டோட முன்பக்கத்தை, தண்ணியில அமுக்கும், நனையுற பரப்பு கூடும், எஞ்சின் எவ்வளவு முக்கினாலும் போட்டு நகராது. ராக்கர்னா நேர் எதிர், அணியம் மேல எழும்பும், விழும், மறுபடி எழும்பும், ஓட்டுறவர் த்ராட்டிலைக் குறைச்சாத்தான் அடங்கும். (சில கம்பெனிங்க சீக்கிரமா தண்ணிக்கு மேல ஏறட்டும்னு லேசா ஹுக்கை வேணும்னே வச்சே அச்சு செஞ்சதும் உண்டு. அதனால அதைக் குறைன்னு மட்டும் சொல்ற சொல்லா வைக்கக் கூடாது.)

> மேடு பள்ளத்தை எடுத்து சமன் பண்றதுதானே? அடிச்சமன்னு சொன்னா பள்ளிக்கூடப் பையனுக்கும் புரியும்.

புரியும், ஆனா தப்பாப் புரியும். சமன்னா தட்டைன்னுதான் மனசுல வரும். இந்த போட்டுங்க அடி தட்டை இல்லை, குறுக்கால வெட்டிப் பாத்தா ‘வி’ வடிவம். 1960ல மயாமி–நசாவ் ரேஸ்ல ஜெயிச்ச டிக் பெர்ட்ராமோட ‘மாப்பி’ங்கிற போட்டை எடுத்துக்கங்க, ரே ஹன்ட் டிசைன், அதோட சிறப்பே பின்பலகை வரைக்கும் அந்த வி சாய்வு 20 டிகிரிக்குக் கீழ குறையாம ஓடுறதுதான். மத்த போட்டெல்லாம் பின்பக்கம் போகப்போக தட்டையாகி, அலையில டமார் டமார்னு விழுந்த காலத்துல, இது அலையைக் கிழிச்சுக்கிட்டுப் போச்சு. அதுலேருந்து பிறந்ததுதான் பெர்ட்ராம் 31ங்கிற போட்டு மாடல். அந்த ஹல்லைப் போய் ஒருத்தர் ‘சமன்’ பண்ணினா ஹன்ட் செஞ்சதையே அழிச்ச மாதிரி. நாம சொல்ல வேண்டியது, நீளவாக்குல கோணல் இல்லாம நேரா ஓடுறதைப் பத்தி. குறுக்குச் சாய்வு அப்படியே இருக்கணும், இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒண்ணாவும் இருக்கணும்.

> நாள் முழுக்க உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிறாங்க, அடித்தேய்ப்புன்னு சொல்லிடலாம்.

தேய்ப்பு பாதி வேலைதான் அண்ணே. ஹுக்கோட பள்ளத்தை எபாக்ஸி பட்டி போட்டு நிரப்பணும், ராக்கர் இருந்தா பின்பலகைப் பக்கம் ஆப்பு மாதிரி பட்டி ஏத்திக்கிட்டே வரணும். அப்புறம்தான் நீளமான கட்டையில உப்புத்தாளைச் சுத்திக்கிட்டு மூலைவாக்குல இழுக்குறது. நடுவுல கறுப்பு பெயின்ட்டை மெல்லிசா தூவிட்டு மறுபடி இழுப்பாங்க, மேடான இடத்துல கறுப்பு போயிடும், பள்ளத்துல கறுப்பு தங்கும், தங்குன இடத்துக்கு மறுபடியும் பட்டி. கடைசியா விளிம்பு: பின்பலகையும் அடியும் சேர்ற மூலையை எபாக்ஸி வச்சுக் கட்டி, கூரா நறுக்குன மாதிரி ஆக்குவாங்க. உருண்ட விளிம்பா இருந்தா தண்ணி அதை விட்டுப் பிரியாம வளைஞ்சு மேல ஏறி போட்டைப் பின்னாடி இழுக்கும், கூரா இருந்தா சட்டுனு அறுத்துக்கும். அடியில ஓடுற வரிக்கட்டைங்களோட வெளி விளிம்புக்கும் இதே கவனிப்புதான். தேய்ப்புன்னு பேரு வச்சா, சேர்க்குற இந்தப் பாதி வேலை காணாமப் போயிடுது.

சரி, செப்பத்துக்கு வர்றேன். நேரா இருக்குறது, திருத்தமா இருக்குறது, ரெண்டும் அந்த ஒரு சொல்லுக்குள்ளயே இருக்கு. இந்த வேலைக்கு வேண்டியதும் அந்த ரெண்டும்தான். அதுவும் குறள் 119ல கோணலுக்கு எதிர்ச்சொல்லாவே வருது: ‘சொற்கோட்டம் இல்லது செப்பம் ஒருதலையா உட்கோட்டம் இன்மை பெறின்.’ கோட்டம்னா வளைவு, கோணல். வள்ளுவர் சொன்னது நீதி சொல்றவனோட மனசைப் பத்தி, அது தெரியும். ஆனா ஜோடியா ரெண்டு சொல் இப்படிக் கையில கிடைக்கும்போது ஏன் விடணும்? ஹுக்கை ‘உட்கோட்டம்’னு சொல்லலாம், அடி உள்பக்கமா குழியுறது. ராக்கரை ‘புறக்கோட்டம்’னு சொல்லலாம், வெளிப்பக்கமா புடைக்கிறது. ரெண்டு கோட்டமும் இல்லாம ஆக்குறது அடிச்செப்பம். மூணு சொல்லும் ஒண்ணையொண்ணு தாங்கிக்கிட்டு நிக்குது, தனித்தனியா வச்ச சொல்லுங்களுக்கு இந்த பலம் வராது.

செப்பனிடுறதுன்னா ரிப்பேர்தானேன்னு கேப்பீங்க. ‘சாலை செப்பனிடும் பணி’ன்னு போர்டு பாத்துப் பழகின கண்ணு நமக்கு. ஆனா உடைஞ்ச போட்டை ஒட்டுறதுக்கு ஏற்கெனவே பழுதுபார்ப்பு இருக்கு, அதை அங்க வச்சுக்குவோம். ‘செப்பனிடுதல்’ங்கிற வினையைத் தவிர்த்துட்டு ‘அடிச்செப்பம் செய்தல்’னு பெயர்ச்சொல்லா புழங்கினா குழப்பம் வராதுன்னு நம்புறேன்.

எல்லையும் சொல்லிடணும், இல்லைன்னா போட்டுல பண்ற எல்லா வேலைக்கும் இதைப் போட்டுடுவாங்க. ஹல்லுக்குள்ள மிதக்குறதுக்காக அடைச்ச ஃபோம் தண்ணி குடிச்சு ஹல் கனத்துப் போயிருந்தா அதைத் தோண்டி எடுக்குறது அடிச்செப்பம் ஆகாது, ஆனா அதை முதல்ல பண்ணலைன்னா அடிச்செப்பம் பண்ணிப் பெருசா பிரயோஜனமும் இல்லை. எஞ்சினை ஜாக் பிளேட்டுல (எஞ்சின் உயரத்தை மாத்துற தாங்கி) ஏத்தி வைக்கிறது, ப்ரொப்பெல்லர் மாத்துறது ரெண்டும் வெளியில நடக்குற வேலை. அடியில குறுக்குப் படி வெட்டுறதோ, வி முனையில தட்டையா பட்டை கட்டுறதோ மறுவடிவமைப்பு, அதுக்கு வேற சொல் வேணும். படி வைக்கிற யோசனை ரொம்பப் பழசு, 1872லயே ராமஸ்னு ஒரு பாதிரியார் பிரிட்டிஷ் கடற்படைக்கு எழுதியிருக்கார், வில்லியம் ஃப்ரூட்ங்கிற பொறியாளர் மாடல் வச்சு சோதிச்சும் பாத்திருக்கார். ஆனா படிக்குன்னே டிசைன் பண்ணாத பழைய ஹல்லுல தானா வெட்டுறது ஆபத்து, திருப்பத்துல பின்பக்கம் பிடி விட்டுச் சுழண்டுடும். நம்ம சொல்லைப் படிச்சுட்டு ஒருத்தர் ரம்பத்தை எடுத்துடக் கூடாதுன்னுதான் இதைத் தனியா எழுதுறேன்.

அதே மாதிரி, தண்ணியை விலக்கிக்கிட்டே போற மெதுவான போட்டுக்கு இது பொருந்தாது. நீர்க்கோட்டு நீளம் (தண்ணி மட்டத்துல போட்டோட நீளம்) 25 அடின்னா அதோட வேகம் சுமார் 6.7 நாட், அதாவது மணிக்கு 6.7 கடல் மைலோட நின்னுடும், அடியை எவ்வளவு செப்பம் பண்ணினாலும் அது பறக்காது.

பதிவுக்கு நான் தர்ற விளக்கம் இது: ‘அடிச்செப்பம் – விரைவுப்படகின் அடிப்பகுதியில் உட்கோட்டம், புறக்கோட்டம் நீக்கி, விளிம்புகளைக் கூராக்கி, வடிவமைப்பாளர் குறித்த அளவுக்குக் கொண்டுவருதல்.’ ஆட்சேபம் இருந்தா வர்ற வாரத்துக்குள்ள எழுதுங்க. இன்னொண்ணு பாக்கி இருக்கு, பின்பலகையும் அடியும் சேர்ற அந்தக் கூர் விளிம்பு. ‘கடைவிளிம்பு’ன்னு நினைச்சு வச்சிருக்கேன், ஆனா படகு கட்டுற ஆசாரிங்க அந்த மூலைக்கு ஏற்கெனவே ஒரு பேரு வச்சிருந்தா அதைத்தான் எடுத்துக்கணும். ராமேஸ்வரம், தூத்துக்குடி, யாழ்ப்பாணம் பக்கம் இருக்குற நண்பர்கள் பட்டறையில கேட்டுச் சொல்ல முடியுமா?