ஓட்டை போட்டது உண்ணியாம்!

நெடுங்கேணியான்:
நேற்று வட்டக்கச்சித் தம்பி ஒருவர் இந்தத் தேனீ வளர்ப்போர் குழுவில் ஒரு படம் போட்டிருந்தார். தேன்வதையின் கீழ்க்கரையில் மூடிய அறைகள், ஒவ்வொரு மூடியின் நடுவிலும் ஒரு சின்ன ஓட்டை. கீழே எழுத்து: "வரோவா உண்ணி துளைத்துவிட்டது, வன்னி முழுக்கப் பரவுகிறது, எல்லோரும் உடனே ஒக்ஸாலிக் அமிலம் அடியுங்கள்." வரோவா என்பது தேனீயிலும் அதன் புழுவிலும் ஒட்டி வாழும் உண்ணி, அமிலம் அதற்கு அடிக்கும் மருந்து. வாசித்ததும் குடித்த தேநீர் தொண்டையில் நின்றுவிட்டது. தம்பி, அது ஆண் தேனீயின் அறை. எங்கள் நாட்டுத் தேனீயின் ஆண் அறை மூடியில் ஊசி குத்திய மாதிரித் துளை இருக்கும். அது அதன் இயல்பு. முப்பது வருடமாக வதை பார்க்கிறேன். மேல்மெழுகு உதிர்ந்தபிறகும் ஓட்டை இல்லாத ஆண் அறை இருந்தால் யாராவது கொண்டுவந்து காட்டுங்கள்.

வட்டக்கச்சிப் பெட்டி:
ஐயா, முப்பது வருடம் பார்த்தால் போதுமா? உற்றுப் பார்த்திருக்க வேண்டும். நான் உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்தேன். ஓட்டையுள்ள நான்கு அறைகளைத் திறந்தேன், இரண்டில் உண்ணி. செம்பழுப்பு நிறம், நண்டு மாதிரி உடம்பு, நீளத்தைவிட அகலம் கூட. மூடியில் ஓட்டை, உள்ளே உண்ணி. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

நெடுங்கேணியான்:
வீட்டுக்கு வாசல் இருக்கிறது, உள்ளே கள்ளன் நிற்கிறான், ஆகவே வாசலை வெட்டியவன் கள்ளன். நல்ல நியாயம். மற்ற இரண்டு அறையிலும் உண்ணி இல்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்த ஓட்டைகளை யார் போட்டது? பேயா?

வட்டக்கச்சிப் பெட்டி:
போட்டுவிட்டு வெளியே போயிருக்கும்.

நெடுங்கேணியான்:
போயிருக்கும்! மூடிய அறைக்குள் போய், குடும்பம் நடத்தி, ஓட்டை வழியாக வெளியேறிவிட்டது, என்ன? ஊசி முனை நுழையும் துளையில் ஒன்றரை மில்லிமீட்டர் அகலமான உண்ணி எப்படி நுழையும் என்று அந்தக் கண்ணாடியை வைத்து அளந்து பாருங்கள். உண்ணி மூடியைத் துளைத்து உள்ளே போவதே இல்லை. புழு மூடப்படுவதற்கு முன்பே அறைக்குள் இறங்கி, புழுவின் உணவுக்குள் ஒளிந்துகொள்ளும். மூடுவது வேலைக்காரத் தேனீ. அதன்பிறகுதான் முட்டையிடும். துளைக்க வேண்டிய தேவையே அதற்கு இல்லை.

குஞ்சுப்பரந்தன்:
என் பெட்டியில் ஓட்டையும் இல்லை, மூடியும் இல்லை, தேனீயும் இல்லை. போன மாதம் இராணியோடு எல்லாம் எழும்பிப் போய்விட்டது. அது எந்த ஓட்டையால் என்று யாராவது சொன்னால் புண்ணியம்.

அறிவியல்நகர் மாணவி:
ஒரு சின்னக் கேள்வி. உண்ணி என்று நீங்கள் இருவரும் எதைச் சொல்கிறீர்கள்? வரோவாவிலேயே ஜாக்கப்சோனி, டெஸ்ட்ரக்டர், அண்டர்வூடி என்று இனங்கள் உண்டு. 2000ஆம் ஆண்டில்தான் ஆண்டர்சன், ட்ரூமன் என்ற ஆய்வாளர்கள் டெஸ்ட்ரக்டரைத் தனி இனமாகப் பிரித்தார்கள். அதற்கு முந்தைய கட்டுரைகளில் எல்லாம் ஜாக்கப்சோனி என்றுதான் இருக்கும். பெருந்தேனீயில் இருக்கும் ட்ரோபிலேலாப்ஸ் வேறு, உடம்பு ஒடுங்கி நீளமாக இருக்கும், வேகமாக ஓடும். எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று முதலில் முடிவெடுத்தால் நல்லது.

நெடுங்கேணியான்:
பிள்ளை, பெயர் பிறகு வைக்கலாம். முதலில் ஓட்டைக்குப் பதில் வரட்டும்.

வட்டக்கச்சிப் பெட்டி:
ஓட்டைக்குப் பதில் சொல்லியாயிற்று. உண்ணி.

மெல்பேர்ன் மல்லாவி:
இங்கே நடந்ததைப் பார்த்தால் நீங்கள் இப்படி ஓட்டையைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருக்க மாட்டீர்கள். 2022 ஜூனில் அவுஸ்திரேலியாவின் நியூகாசில் துறைமுகத்துப் பெட்டிகளில் வரோவா பிடிபட்டது. சுற்றுவட்டாரத்துப் பெட்டிகளை எல்லாம் அழித்தார்கள். 2023 செப்டெம்பரில், இனி முற்றாக ஒழிக்க முடியாது என்று கையை விரித்துவிட்டார்கள். பணக்கார நாட்டுக்கே இந்த நிலை. தம்பி சொல்வது சரி, ஊரில் இப்போதே அழிக்கத் தொடங்குங்கள்.

நெடுங்கேணியான்:
வாருங்கள், உங்களைத்தான் காணவில்லை என்று பார்த்தேன். உங்கள் ஊரில் பெட்டியில் இருப்பது ஐரோப்பியத் தேனீ. அதற்கு இந்த உண்ணி புதிய எதிரி. வேலைக்காரப் புழுவிலும் ஆண் புழுவிலும் பெருகி, வைரசையும் பரப்பி, கூட்டத்தையே முடித்துவிடும். எங்கள் பெட்டியில் இருப்பது அடுக்குத் தேனீ, ஏபிஸ் செரானா. உண்ணியின் பழைய வீடே இதுதான். இரண்டும் ஒன்றோடொன்று பழகிவிட்டன. 1981இலேயே தேனீ ஆய்வாளர்களான கோனிகர் தம்பதி இலங்கையில் நின்று பார்த்து எழுதிவிட்டார்கள், நாட்டுத் தேனீயில் உண்ணி பெருகுவது ஆண் புழு அறையில் மட்டும்தான் என்று. பெருந்தேனீயில் இலங்கையில் கண்டெடுத்த உண்ணி ஒன்றுக்கு 1982இல் ட்ரோபிலேலாப்ஸ் கோனிகெரம் என்று அவர்கள் பெயரையே வைத்தார்கள். அந்த மனிதர்கள் இங்கே வந்து பார்த்தார்கள். நீங்கள் மெல்பேர்னில் இருந்துகொண்டு மல்லாவிப் பெட்டியை அழிக்கச் சொல்கிறீர்கள்.

இன்னும் கேளுங்கள். உடம்பில் ஏறும் உண்ணியை எங்கள் தேனீ காலாலும் வாயாலும் தேடிப் பிடித்து அகற்றும். முடியாவிட்டால் பக்கத்துத் தேனீயும் சேர்ந்துகொள்ளும். ஓர் ஆண் அறைக்குள் உண்ணிகள் அதிகமாகப் புகுந்தால் புழு பலமிழந்து, மூடியைத் திறந்து வெளியே வராது. கடினமான அந்த மூடியை மற்றத் தேனீக்களும் திறந்துவிடுவதில்லை. ஆணும் உண்ணியும் உள்ளேயே சமாதி. அந்த மூடியில்தான், தம்பி, ஓட்டை.

மெல்பேர்ன் மல்லாவி:
2009இல் நான் விருப்பத்தோடு விமானம் ஏறவில்லை. மல்லாவியைப் பற்றிக் கதைக்க உங்களிடம் அனுமதி வாங்க வேண்டியதும் இல்லை.

நெடுங்கேணியான்:
ஏறியதைப் பற்றி யார் கேட்டது? ஓட்டையைப் பற்றிக் கேட்டேன்.

செட்டிகுளத்தாள்:
உங்கள் சண்டையில் அடிபடுவது நான். நேற்று ஒரு வாடிக்கையாளர் தொலைபேசியில், "அக்கா, இது உண்ணித் தேனா?" என்று கேட்டு இரண்டு போத்தலைத் திருப்பிவிட்டார். உண்ணி புழுவிலும் தேனீயிலும் இருப்பது, தேனில் இல்லை. அதையும் ஒருவர் தெளிவாக எழுதுங்களேன்.

நெடுங்கேணியான்:
உண்ணி இல்லை, உண்மைதான் தங்கச்சி. ஆனால் பாலை பூக்காத காலத்திலும் பாலைத்தேன் விற்கிறீர்களே, அந்தப் போத்தலில் என்ன இருக்கிறது என்பதையும் ஒருவர் தெளிவாக எழுதலாம்.

செட்டிகுளத்தாள்:
இருப்பு வைத்து விற்கிறேன் அண்ணை. கோடையில் உங்கள் பெட்டிகளுக்குச் சீனிப்பாணி வைப்பது யார் என்று நெடுங்கேணி முழுக்கத் தெரியும். மருமகளின் கல்யாணத்துக்கு நீங்கள் என்னிடம் வாங்கிய ஆறு போத்தலின் காசும் இன்னும் வரவில்லை.

குஞ்சுப்பரந்தன்:
இது நல்ல ஓட்டை.

நெடுங்கேணியான்:
சீனிப்பாணி பூ இல்லாத காலத்தில் தேனீ பட்டினி கிடக்காமல் இருக்க வைப்பது. அதைத் தேன் என்று யாருக்கும் விற்றதில்லை. காசு விஷயம் தனியாகப் பேசலாம், அது இங்கே சம்பந்தமில்லை.

இங்கே சம்பந்தமுள்ளது இதுதான். வன்னியில் பெட்டி காலியாவதற்கு நான் கண்ட காரணம் நான்கு: மெழுகுப்பூச்சி, முசுறு, கோடைப் பசி, வயலுக்கு அடிக்கும் நஞ்சு. நாட்டுத் தேனீ கோபக்காரப் பிள்ளை. மெழுகுப்பூச்சி வலை பின்னத் தொடங்கினால் ஒருநாள் காலை எழும்பிப் போய்விடும். பெட்டி காலியானபிறகு கீழே விழுந்த வதையை எடுத்து ஓட்டையைப் படம் பிடிக்கிறார்கள். 1991-92இல் தென்னிந்தியாவில் நாட்டுத் தேனீக் கூட்டங்கள் பெருவாரியாக அழிந்ததும் உண்ணியால் அல்ல, தாய்லாந்துப் பெயர் கொண்ட 'தாய் சாக்புரூட்' என்ற, புழுக்களைக் கொல்லும் வைரசால்.

வட்டக்கச்சிப் பெட்டி:
கட்டுரை நீளம், பதில் இல்லை. ஐயாவுக்கு உண்மையில் கோபம் உண்ணி மேல் இல்லை. மீள்குடியேற்றத்துக்குப் பிறகு எங்கள் ஊரில் நடந்த தேனீ வளர்ப்புப் பயிற்சியில் அவரைப் பேச அழைக்கவில்லை, அதுதான்.

நெடுங்கேணியான்:
அழைத்திருந்தால் நல்லதாகப் போயிருக்கும். அங்கே கொடுத்த பெட்டிகளில் வதை கட்டுவதற்கான மரச்சட்டங்கள் ஐரோப்பியத் தேனீக்கு அளந்தவை. நாட்டுத் தேனீக்கு அவ்வளவு இடைவெளி வேண்டாம். இடையில் குறுக்கு வதை கட்டி, வெட்டி எடுக்கவே முடியாமல் போனது. எத்தனை பேருடைய பெட்டி அடுப்புக்குப் போனது என்று சொல்லுங்கள். அந்தப் பயிற்சியில்தான் ஒக்ஸாலிக் அமிலத்தையும் சொல்லிக்கொடுத்தார்களா? அது மூடிய அறைக்குள் போய் வேலை செய்யாது. உண்ணி மூடிய அறைக்குள் என்கிறீர்கள், மருந்தை வெளியே அடிக்கிறீர்கள்.

வட்டக்கச்சிப் பெட்டி:
ஓட்டை வழியாகப் போகும்.

அறிவியல்நகர் மாணவி:
யாராவது ஒருவர் ஓர் உண்ணியைச் சாராயக் குப்பியில் போட்டுக் கொண்டுவந்தால் நுண்ணோக்கியில் பார்த்து இனத்தைச் சொல்லலாம்.

நெடுங்கேணியான்:
குப்பி கொண்டுவர வேண்டியவர் தம்பி. ஆனால் ஓட்டையைக் குப்பியில் போட முடியாதே.

வட்டக்கச்சிப் பெட்டி:
நாளைக்கே கொண்டுவருவேன். அப்போது என்ன சொல்வீர்கள் என்று பார்க்கிறேன்.

நெடுங்கேணியான்:
உண்ணி இருக்கிறது என்று சொல்வேன். இல்லை என்று எப்போது சொன்னேன்? ஓட்டை உண்ணி போட்டதில்லை என்றுதான் முதல் வரியில் இருந்து சொல்கிறேன்.

குஞ்சுப்பரந்தன்:
அது கிடக்கட்டும். என் பெட்டி வெறுமையாகக் கிடக்கிறது. யாரிடமாவது பிரித்துக் கொடுக்கக் கூட்டம் இருக்கிறதா?

நெடுங்கேணியான்:
என்னிடம் ஒன்று இருக்கிறது. சனிக்கிழமை பின்னேரம் வாருங்கள், ஓட்டையுள்ள ஆண் அறைகளோடு தருகிறேன்.

வட்டக்கச்சிப் பெட்டி:
உண்ணியோடு என்று எழுதுங்கள்.

செட்டிகுளத்தாள்:
போகும்போது என் ஆறு போத்தல் காசையும் வாங்கி வாருங்கள், தம்பி.