பாடத்தைச் சேர்ந்து திட்டமிட்டுப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

மூன்றாம், நான்காம் வகுப்பு ஆசிரியர்கள் நால்வர் சேர்ந்து, ஜப்பானில் செய்கிற 'பாட ஆய்வு' போல ஒன்றை ஆரம்பித்திருக்கிறோம்: எல்லோருமாக ஒரு பாடத்தைத் திட்டமிடுவது, ஒருவர் நடத்த மற்றவர்கள் பின்னால் உட்கார்ந்து பிள்ளைகளைக் கவனித்துக் குறிப்பெடுப்பது, அப்புறம் கூடிப் பேசித் திருத்துவது. முதலில் பின்னம். 1/3-ஐவிட 1/4 தான் பெரியது, 4 பெரிய எண் இல்லையா என்று ஒரு பையன் பக்கத்துப் பிள்ளையிடம் அடித்துச் சொன்னான். நடத்தியவர் காதில் அது விழவேயில்லை, எங்கள் நோட்டில் இருந்தது. சரி, சிக்கல் பேச உட்கார்ந்தபோதுதான். 'அருமை' என்று ஆரம்பித்து அதோடு முடிந்துவிட்டது, யாருக்கும் குறை சொல்ல மனசு வரவில்லை (எனக்கும்தான்). ஆசிரியரை விட்டுவிட்டுப் பிள்ளைகளின் பதில்களைப் பற்றிப் பேச வைக்க நீங்கள் எந்தக் கேள்வியோடு தொடங்குவீர்கள்? கவனிக்க வருகிறவரின் வகுப்பை அந்நேரம் யார் பார்த்துக்கொள்கிறார்கள்?