லீவில் வந்த பட்டாளக்காரர் பொழியில் குதித்தது சரியா?

விளவங்கோட்டுக்காரன்:
போன ஞாயிறு தேங்காப்பட்டணம் பொழிமுகத்தில், அதாவது ஆறு கடலில் சேரும் இடத்தில், குளிக்க இறங்கிய கல்லூரிப் பையனைத் தண்ணீர் கடலுக்குள் இழுத்தது. லீவில் வந்திருந்த எங்கள் ஊர்ப் பட்டாளக்காரர் சட்டையைக்கூடக் கழற்றாமல் குதித்துப் பிடித்தார். பையன் பிழைத்துவிட்டான். உயிரைக் காப்பாற்றியவர்களுக்கு மத்திய அரசு தரும் ஜீவன் ரக்ஷா பதக்கத்துக்குக் கலெக்டரிடம் மனு கொடுக்கிறோம். கையெழுத்துப் போட வாருங்கள்.

கரமடி:
நானும் அங்கே இருந்தேன். அவர் துணிச்சலில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். ஆனால் பையனை எட்டிப் பிடித்த பிறகு ரெண்டு பேரையும் சேர்த்து நீரோட்டம் இழுத்தது, அப்போது வள்ளத்தில் கிடந்த கயிற்றை வீசி இழுத்துக் கரையேற்றியது எங்கள் ஆட்கள் நாலு பேர். அதில் ஒருவர் என் சித்தப்பா. கயிறு உள்ளங்கைத் தோலை உரித்துவிட்டது, இன்றுவரை சோறு பிசைய முடியாமல் கரண்டியால் சாப்பிடுகிறார். நீங்கள் வைத்த பிளெக்ஸில் அந்த நாலு பேர் எங்கே?

விளவங்கோட்டுக்காரன்:
கரையில் நின்று கயிறு பிடிப்பதும் உயிரைப் பணயம் வைப்பதும் ஒன்றா அண்ணே? ஒரு மாச லீவில் பிள்ளையைப் பார்க்க வந்த மனுஷன்.

கரமடி:
கரையில் யார் நின்றார்கள்? நெஞ்சளவு தண்ணீர், பொழியில் காலடி மண் அரித்துக்கொண்டே போகும். 2018 கேரள வெள்ளத்தில் லாரியில் வள்ளத்தை ஏற்றிக்கொண்டு போனதும் கடற்கரைக்காரர்கள்தான். எங்கள் வீட்டிலும் பிள்ளைகள் உண்டு.

ஓய்வுபெற்ற சுபேதார்:
பட்டாளக்காரன் என்றால் அது அவன் வேலைதானே என்று நேற்று டீக்கடையில் ஒருவர் கேட்டார், எனக்குக் கோபமே வந்தது. இந்தப் பதக்கம் சீருடைக்காரனுக்கு, டியூட்டிக்கு வெளியே செய்த காரியத்துக்குத்தான் கிடைக்கும், அதனால் லீவில் இருந்தவருக்குத் தகுதி உண்டு. மீனவருக்கும் அதே பதக்கம் உண்டு, மனுவில் அஞ்சு பேரையும் எழுதுங்கள். ஆனால் குதித்தது தப்பு என்றுதான் சொல்வேன். முதலில் கயிறு, இல்லையென்றால் மூடி இறுக்கிய காலி கேன், எதையாவது வீசிவிட்டு ஆளைக் கூப்பிட வேண்டும். முங்குகிறவன் காப்பாற்ற வந்தவனையே கழுத்தோடு கட்டிப் பிடிப்பான். பாராட்டைப் பார்த்து நாளைக்கு நீச்சல் தெரியாத பயல் குதித்தால்?

விளவங்கோட்டுக்காரன்:
ஐயா, கயிறு தேடுகிற நேரத்தில் பையன் தலையே தெரிந்திருக்காது. குதித்தது சரி, அதில் நான் மாற மாட்டேன். நாலு பேரை விட்டது எங்கள் தப்புதான், கரமடி அண்ணனிடம் மன்னிப்புக் கேட்கிறேன். பெயர் தாருங்கள், மனுவைத் திருத்துகிறோம்.

கரமடி:
பெயரை இங்கே போட வேண்டாம் தம்பி. சாயங்காலம் மனுவோடு துறைக்கு வாருங்கள், வள்ளம் அஞ்சு மணிக்குள் வந்துவிடும். அப்புறம் அந்தப் பொழிப் பக்கம் ஒரு கயிறும் ரெண்டு மிதவையும் எப்போதும் கிடக்க வேண்டும் என்று அதே மனுவில் சேருங்கள்.