கிளஸ்டர் எது: தோட்டமா, டிவிஷனா?

வணக்கம். இலங்கை மலையகத்தில் பொகவந்தலாவைப் பக்கம் தேயிலைக் கொழுந்து பறிக்கும் பெண்களின் இரத்தச்சோகை பற்றி எழுமாற்று ஆய்வொன்று திட்டமிடுகிறேன். முதுகலை வேலை. கிளஸ்டர் அலகில், அதாவது குலுக்கிப் பிரிக்கும்போது தனி ஆளாக இல்லாமல் மொத்தமாக ஒரு பக்கம் போடும் கூட்டம் எது என்பதில், சிக்கி நிற்கிறேன்.

தலையீடு சின்னது: இரும்புச்சத்து மாத்திரையைச் சாயத்தண்ணியோடு (பால் சேர்க்காத தேநீர்) விழுங்காமல் ஒரு மணிநேரம் தள்ளிக் குடிக்கச் சொல்லும் அட்டையும் வீட்டுச் சந்திப்பும். 6 மாதம் கழித்து ஹீமோகுளோபின் பார்ப்போம்.

அனுமதி கிடைத்தது 8 தோட்டங்களில், 22 டிவிஷன் (தோட்டத்தின் உட்பிரிவு). தனிநபராகப் பிரித்தால் 246 பேர் போதும். ஐ.சி.சி. (ஒரே கிளஸ்டரில் உள்ளவர்கள் ஒருவரையொருவர் ஒத்திருக்கும் அளவு) 0.05, கிளஸ்டருக்கு 41 பேர் என்று வைத்தால் வடிவமைப்பு விளைவு (ஆள் எண்ணிக்கையைப் பெருக்க வேண்டிய மடங்கு) 3, ஆக 738 பேர், 18 கிளஸ்டர். டிவிஷன் என்றால் கணக்கு சரி. தோட்டம் என்றால், கிளஸ்டர் எண்ணிக்கையின் கீழ் எல்லை (தனிநபர் எண்ணிக்கை × ஐ.சி.சி.) 246 × 0.05 = 12.3, அதாவது 13 கிளஸ்டராவது வேண்டும். எட்டில் எத்தனை பேரைச் சேர்த்தாலும் எட்டாது.

ஆனால் டிவிஷன் என்றால் தலையீடு பக்கத்து டிவிஷனுக்கு ஒழுகுகிறது. முன்னோட்டத்தில் பிள்ளைக்காம்பிராவுக்கு (தோட்டத்துக் குழந்தைகள் காப்பகம்) வந்த பக்கத்து டிவிஷன் அக்கா எங்கள் அட்டையைச் சேலைத் தலைப்பில் முடிந்து வைத்திருந்தார். அவர் தலையீடு பெறக் கூடாத கட்டுப்பாட்டுக் குழு! கொழுந்து கூடினால் ஆட்களையும் மாற்றிப் போடுகிறார்கள்.

படிப்படியாக எல்லாத் தோட்டத்துக்கும் கொடுக்கும் வடிவத்தையும் போட்டுப் பார்த்தேன். மே மாதத்துக்குப் பிறகு மழையோடு வேலைநாளும் சாப்பாடும் மாறுவதால், காலத்தின் விளைவைப் பிரிப்பது கஷ்டம். மேற்பார்வையாளர் "தோட்டத்தைக் கூட்டு" என்கிறார், துரைமார் (தோட்ட நிர்வாகிகள்) அசைவதாயில்லை.

ஒரே பிள்ளைக்காம்பிராவுக்கு வரும் டிவிஷன்களைச் சேர்த்து ஒரு கிளஸ்டராக்கினால் 14 வருகிறது. அளவில் சமமில்லாத இந்த 14 கிளஸ்டரை வைத்துத் தொடங்கலாமா?